அசையுதா பாய்

திருநெல்வேலியில் ஆடாத மேசை என்று ஒன்றைப் பார்த்தால், அதன் காலுக்கடியில் குனிந்து பாருங்கள். எங்கள் பாய் செருகிய மரச்சில்லு ஒன்று அங்கே இருக்கும். ஜங்ஷன் டீக்கடை பெஞ்சிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தி மேசை வரை அவர் கை படாத கால் இந்த ஊரில் கிடையாது.

மேலப்பாளையத்துக்காரர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். எதைக் கண்டாலும் இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, "அசையுதா?" என்று கேட்பார். அதனால் அசையுதா பாய். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் பையில் விதவிதமான கனத்தில் சீவிய மரச்சில்லுகள் இருக்கும்.

அவரும் நானும் பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தோம். விமானத்துக்கான வேலை என்று சொன்னால் என் சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். "ஆத்தங்கரையில ஏதுலே ஏரோப்ளேன்?" என்று சிரிப்பார்கள். விமானம் செய்கிறவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். பறக்க விடுவதற்கு முன்னால் அதைத் தரையில் வைத்துச் சோதிப்பார்கள். சக்கரம் ஒழுங்காக மடங்கி விரிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் மொத்த விமானத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். அப்படித் தாங்கிப் பிடிக்கிற ஸ்டாண்டுகளை வடிவமைத்துச் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஊரெல்லாம் விமானத்தைப் பறக்க வைக்கப் பாடுபட்டபோது, நாங்கள் அது நகராமல் நிற்கப் பாடுபட்டோம். பாய் எங்கள் தலைமை டிசைனர். அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைகிறவன் நான்.

பாய் விமானத்தில் ஏறியதே இல்லை. துபாயில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டார்.

"பறக்கும்போது அதுக்குக் கீழ என்னவே இருக்கு? ஒண்ணுமே இல்ல. அதுல போயி ஏறச் சொல்லுதீரு" என்றார்.

அவருடைய அக்கா மகன் நிக்காஹ்வுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை 'கபூல்' என்று சம்மதம் சொல்ல வாயைத் திறக்கிற நேரம், மேடையில் நின்ற பாய் கையைத் தூக்கினார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் தாய்மாமன் கையைத் தூக்கினால் கல்யாணம் நின்றது என்றுதான் அர்த்தம். "ஹஜ்ரத், கொஞ்சம் பொறுக்கணும். மேடை இடப்பக்கம் அசையுது" என்று சொல்லிவிட்டு, அலங்காரத் துணியை விலக்கி மேடைக்கு அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது. "ம், இப்போ சொல்லச் சொல்லுங்க." மாப்பிள்ளை குனிந்து தன் காலடியைப் பார்த்தபடியே கபூல் சொன்னார். அந்தத் தம்பதி இன்றுவரை சண்டை போட்டதில்லையாம். அதற்குத் தன் மரச்சில்லுதான் காரணம் என்று பாய் மனதார நம்பினார்.

இப்படிப்பட்டவர் டிசைன் செய்தால் வேலை எப்போது முடியும்? கம்ப்யூட்டர் சரியென்று சொன்ன பிறகும் அவர் ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பார். இறங்கி வந்து இன்னொரு குறுக்குச் சட்டம் சேர்ப்பார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஸ்டாண்டைப் பார்த்து வாங்கிக்கொள்ள ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன வாலே. நாளைக்கு இந்த ஸ்டாண்டு கையவிட்டுப் போனதும் பாயை வீட்டுக்கு அனுப்பிருவோம். அவரு ஒண்ணை முடிக்கதுக்குள்ள அடுத்தவன் மூணு முடிக்கான். நீதான் அவருக்குத் தோதான ஆளு. பக்குவமாச் சொல்லிரு."

சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பாயின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். வீட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டியதையெல்லாம் அவர் எப்போதோ ஆட்டிப் பார்த்து முடித்துவிட்டார். ஷெட்டை விட்டால் அந்த மனுஷனுக்குப் போக்கிடம் இல்லை. மறுநாள் காலையிலிருந்து அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "இதைப் பிடியும், அசையுதா பாரும்" என்று எதையாவது கையில் கொடுத்துவிடுவார்.

புதுக் கார் வாங்கினால் செய்கிற மாதிரி, ஸ்டாண்டுக்கும் முதலாளி காலையிலேயே பூஜை போட்டார். சந்தனம், குங்குமம் வைத்து, அதை உருட்டிப் போக வைத்த நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்து நசுங்கும்படி உருட்டினார். பிறகு அந்த இடத்திலேயே ஸ்டாண்டின் இரும்புப் பாதங்களை இறக்கித் தரையில் ஊன்றினோம். பாய் பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

விமானக் கம்பெனி அதிகாரி வந்தார். விமானத்துக்குப் பதிலாக, அதைவிடக் கனமான இரும்புப் பாளங்களை ஸ்டாண்டின் மேல் ஏற்றினோம். ஸ்டாண்டு எவ்வளவு இறங்குகிறது என்று காட்ட, கடிகாரம் மாதிரி ஊசி வைத்த ஒரு கருவி உண்டு. ஊசி கொஞ்சம் நகர்ந்தது. அதிகாரி பார்த்தார். "அளவுக்குள்ளதான் இருக்கு. பாய், நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க, நானும் போட்டுடறேன்" என்றார். முதலாளி இனிப்புப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

பாய் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் போட மாட்டேன் சார். அசையுது."

"அளவுக்குள்ளதானே பாய்?"

"அளவு சரிதான். ஆனா ஊசி இன்னும் நிக்கலையே. பைய இறங்கிக்கிட்டே கெடக்கு. நிக்காததை நான் எப்படி நிக்குதுன்னு சொல்லுவேன்?"

வாங்க வந்தவரே சரியென்கிறார், செய்தவர் தன் சரக்கே சரியில்லை என்கிறார். வியாபாரத்தில் இப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், 'ஸ்டாண்டு போற வரை வேண்டாம், இப்பவே சொல்லிருலே' என்று எழுதியிருந்தது. பாய் அதற்குள் தரையில் மல்லாந்து படுத்து ஸ்டாண்டுக்குள் ஊர்ந்து போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். கையை மோந்து பார்த்தார்.

"நார்த்தங்காய்" என்றார்.

முதலாளி திருதிருவென்று விழித்தார். காலையில் எலுமிச்சம்பழம் ஒன்று குறைந்திருக்கிறது. கடைக்கு ஆள் அனுப்பச் சோம்பல்பட்டு, தன் வீட்டு மரத்து நார்த்தங்காயை நாலாவது சக்கரத்துக்கு வைத்துவிட்டார். எலுமிச்சை மூன்றும் நசுங்கிச் சாறாய்ப் போயிருந்தன. நார்த்தங்காய்த் தோல் மட்டும் தடியாக ஒரு பாதத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு, அத்தனை எடையையும் தாங்கியபடி மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று அதிகாரி கேட்டார். முதலாளி இனிப்புப் பெட்டியை மூடிவிட்டார்.

"எங்க மொதலாளி வச்சது சார். உங்க ஏரோப்ளேன் நல்லா இருக்கணும்னு நல்ல மனசோட வச்சிருக்காரு. எடுத்துட்டு மறுபடி பாப்போம்" என்றார் பாய்.

பாளங்களை இறக்கி, தரையைக் கழுவி, மறுபடி ஏற்றினோம். ஊசி ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பாய் அதற்குப் பிறகும் எங்களையெல்லாம் பசியோடு காக்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதிகாரி கிளம்பும்போது முதலாளியிடம், "அடுத்த ஸ்டாண்டுகளையும் இவரே செய்யட்டும். இவர் அசையலேன்னு சொன்னா நான் வந்து பார்க்கவே வேண்டாம்" என்றார். கார் வாசலைத் தாண்டியதும் முதலாளி என் பக்கம் திரும்பி, பாயிடம் சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினார். 

சாயங்காலம் பாய் என் மேசைக்கு வந்தார்.

"என்னவே, காலையில இருந்து என்னமோ சொல்லணும்னு முழுங்கிக்கிட்டே திரிஞ்சீரு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல பாய்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. "என் நாற்காலி ஆடுது."

அவர் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது கல்லு மாதிரி நின்றது. என் முகத்தைப் பார்த்தார். முதலாளி என்னிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து, குனிந்து, நாற்காலிக் காலுக்கடியில் செருகிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த நாற்காலி ஆடுகிறது. பாய் தன் வாழ்நாளில் ஆட வைத்த ஒரே பொருள் அதுதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஷெட்டிலிருந்து அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சில்லை எடுத்துவிட்டால் ஆடாது. எடுக்க மனசு வரவில்லை.