மூடி போட்ட கடல்

பிள்ளைகளே, இலங்கைத் தீவு முழுவதும் தேடினாலும் எங்கள் போத்தல் ஐயாவைப் போல் சும்மா இருக்கத் தெரியாத ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். அவர் ஏறி இருந்தால் நிறுத்தி வைத்த வான் வண்டியும் ஆடும். மணிக்கூட்டை வானொலியோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு வானொலியிலும் சந்தேகம் வந்து, கோயில் மணியைக் கேட்க ஓடுவார்.

யுத்த காலத்தில், மன்னாரில் கடல்நீரைச் சோதிக்கும் ஒரு சின்னக் கந்தோரில் அவர் அதிகாரி, நான் வான் சாரதி. கடலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. பாவிக்கப் பாவிக்க அது மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். அதைத் திருத்தத்தான் போத்தல். உப்பைத் துல்லியமாக அளந்து, கண்ணாடிப் போத்தலில் அடைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் கடல்தண்ணீர் அது. கருவிக்குள் அதை ஊற்றி, போத்தலில் எழுதியிருக்கும் அளவை ஊசி காட்டும்வரை ஒரு திருகாணியைத் திருப்ப வேண்டும். மூடியைத் திறந்துவிட்டால் உடனே பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஆவியாகி அளவு மாறிவிடும். சாமான் வரும் பாதை பூட்டிக் கிடந்ததால் மிஞ்சியிருந்தது ஒரேயொரு போத்தல். அது வீணானால் அந்தப் பருவத்து வேலை முழுவதும் குப்பை.

கருவியை வானில் ஏற்றி, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கடலை அளக்கச் சிலாவத்துறைக்குப் புறப்பட்டார் ஐயா. மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தில் சோதனைச் சாவடி. தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் அதில் கொஞ்சம் குடித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“குடிங்க,” என்றார் சிப்பாய்.

“இது குடிக்கிற தண்ணியில்லை, தம்பி. கடல் தண்ணி.”

சிப்பாய் இடப்பக்கம் பார்த்தார், கடல். வலப்பக்கம் பார்த்தார், அங்கேயும் கடல். “இவ்வளவு கடல் இருக்கு. எதுக்கு மூடி போட்ட கடல்?”

“இந்தக் கடலை நம்பேலாது.”

“ஐயா, ஒரு மிடறு குடிச்சிட்டு வாங்கோ,” என்றேன்.

“திறந்தால் எல்லாம் முடிஞ்சுது. உமக்கென்ன விசரோ?”

சிப்பாயின் துவக்கு சற்று உயர்ந்தது. “குடி. இல்ல, இறங்கு.”

ஐயா இறங்கினார். கருவியைத் தூக்கி மண்மூட்டையின் மேல் வைத்து, போத்தலைத் திறந்தார். “இனி ஒருத்தரும் அசையக் கூடாது. தம்பி, காத்துப் படாமல் இந்தப் பக்கம் நில்லும்.”

சிப்பாய் என்ன நினைத்தாரோ, போய் நின்றார். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண், “என்ன, பாலத்தில பூசையோ நடக்குது?” என்று கேட்டாள்.

ஐயா ஊற்றினார், அலசினார், திரும்ப ஊற்றினார், திருகாணியைத் தொட்டார். அந்த மனிதர் அசையாமல் நின்று நான் கண்டது அன்றைக்குத்தான். ஊசி நடுங்கி நடுங்கி, சரியான இடத்தில் வந்து நின்றது. உடனே, மிச்சத் தண்ணீரைப் போத்தலோடு கவிழ்த்துக் கடகடவென்று குடித்துவிட்டார்.

சிப்பாய் பயந்துபோனார். “ஐயா, கொஞ்சம் குடிச்சாலே காணும்.”

“அதை இப்பதான் சொல்லுவீரோ?”

பிறகு பனைக்குப் பனை வானை நிறுத்த வேண்டியதாயிற்று. வாந்தி எடுத்துவிட்டு வந்து, கருவியைத் திரும்பவும் அணைத்துக்கொள்வார். “என்னைப் பாராதையும், றோட்டைப் பாரும். குலுக்கினால் ஊசி பிசகும்.” சிலாவத்துறையில் அளந்து முடித்தோம். அந்தப் பருவத்து வேலை தப்பியது.

உங்களைப் பெறுவதற்கு அம்மாவை முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள்களில்கூட, நான் வானை அவ்வளவு பக்குவமாக ஓட்டியதில்லை.