ரவுட்டருக்குள் புகுந்த பேய்

கானா நாட்டுக் குமாசி நகரில் எங்கள் பேட்டை முழுக்க ஒரே பேச்சு. டுவும் என்ற தீர்க்கதரிசி வைஃபைப் பேயை ஓட்டுகிறாராம்! முடவரை நடக்க வைத்ததெல்லாம் பழைய கதை. இப்போது ரவுட்டருக்கே ஜெபம்.

பாஃபோர் ஐயா வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. அவர் வீட்டுக் கணினிக்குக் கம்பி வழியாக இணையம் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. கைபேசிகளுக்கும் கிடைக்கட்டுமே என்று புதிதாக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி, கணினிக்கு இணையம் தந்த பழைய பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தானே செருகினார். அன்றிலிருந்து கைபேசிக்கும் இல்லை, கணினிக்கும் இல்லை. டுவும் வந்து ஜெபித்தால் வரும். அவர் போனதும் போய்விடும். மறுபடி அழைப்பு, மறுபடி காணிக்கை.

இந்த முறை டுவும் கண்ணை உருட்டினார். "பேயை ஏவுறவ இந்த வீட்லயே இருக்கா. வெளியூர்க்காரி. ராத்திரி அவ அறையில விளக்கே அணையாது!"

எல்லோரும் பின்னறைப் பக்கம் திரும்பினோம். அங்கே வாடகைக்கு இருப்பவர் டெலாலி, கிழக்கே வோல்டா பக்கத்திலிருந்து வந்த கணக்கு டீச்சர். விளக்கு எரிவது பரீட்சைத் தாள் திருத்த. அதை யார் கேட்டது?

பாஃபோர் ஐயாவின் மனைவி ஃபோசுவா அம்மா, நேற்றுவரை டெலாலி கிண்டிய பாங்குக் களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர், "மேடம், ஞாயித்துக்கிழமைக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

"போறேம்மா. அதுக்கு முன்னாடி பேய் ஓடுறதை ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன்."

ஜெபம் என்றால் நாங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகக் கத்துவோம். பக்கத்தில் யானை போனாலும் தெரியாது.

"கண்ணைத் திறந்தா பேய் ஓடிப்போயிடும்!" என்று அலறினார் டுவும்.

"ஓட்டத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கு, ஐயா?" என்றார் டெலாலி.

கூட்டம் சிரித்துவிட்டது.

"சரி, கண்ணை மூடிக்கிறோம். ஆனா நீங்க ரவுட்டரைத் தொடக்கூடாது" என்ற டெலாலி, அதை ஒரு மரப்பெட்டியால் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஃபோசுவா அம்மாவையே உட்கார வைத்தார். ஃபோசுவா அம்மா உட்கார்ந்த இடத்தைப் பேயாலும் அசைக்க முடியாது.

டுவும் கத்தினார். வியர்த்தார். யாருக்கும் புரியாத மொழியிலும் கத்தினார். கைபேசிகள் கம்மென்று கிடந்தன.

"இன்னிக்கு இங்க விசுவாசம் கம்மி."

"என் கனம் கம்மியில்லையே!" என்றார் ஃபோசுவா.

டெலாலி மரப்பெட்டியை எடுத்தார். "எல்லாரும் கண்ணை நல்லா திறங்க." ரவுட்டரின் முதுகில் மஞ்சள் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஓரமாக ஒரே ஒரு நீல ஓட்டை. மஞ்சளில் இருந்த கம்பியைப் பிடுங்கி நீலத்தில் செருகி, ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டார். சற்று நேரத்தில் முற்றம் முழுக்கக் கைபேசிகள் கிணுகிணுத்தன.

"மஞ்சள்ல செருகினா பழைய பெட்டியும் வழி சொல்லும், புதுசும் வழி சொல்லும். ஒரே ட்ரோட்ரோ மினிபஸ்ஸுக்கு ரெண்டு பேர் வழி சொன்னா வண்டி எங்க போகும்? நீலத்துல செருகினா சண்டையில்லை."

பாஃபோர் ஐயா குனிந்து பார்த்தார். நீல ஓட்டையைச் சுற்றிலும், டுவும் கையில் தடவி வரும் ஜெப எண்ணெய்ப் பிசுக்கு! "நான் இதுல கையே வச்சதில்லையே?"

"வந்ததும் ஜெபத்துல நீலத்துக்கு மாத்துவாரு. போறப்போ ஆசீர்வாதம் பண்ற சாக்குல மறுபடி மஞ்சளுக்கு" என்றார் டெலாலி.

திரும்பிப் பார்த்தால் டுவும் இல்லை. பேய் ஓடியதைக் கடைசியில் எல்லோரும் கண்ணாலேயே பார்த்தோம்.

ஃபோசுவா அம்மா தரையைப் பார்த்தபடி, "மேடம், ஞாயித்துக்கிழமை எங்களோட சாப்பிடணும். கிழங்கு இடிச்சு ஃபூஃபூ நானே பண்றேன்" என்றார்.

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தால் ஆண்டவர் கோபிக்க மாட்டார். யார் கோபிக்கிறார் என்று மட்டும் பார்த்து வையுங்கள்.