இரண்டு நோட்டீஸ், ஒரே உலை

தபால்காரர் இரண்டு பதிவுத் தபால்களோடு வாசலில் நின்றபோது மாதப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். பக்கத்துத் தட்டிலிருந்து முதலில் எழுந்து கை கழுவிய தம்பி திம்மப்பன், இரண்டு தபாலுக்கும் தானே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டான்.

இரண்டும் வருமானவரி ஆபீஸிலிருந்து. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. இரண்டிலும் ஒரே சங்கதி. நீங்கள் இருவரும் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாக வாழ்வதாகச் சொல்லி வரி கட்டுகிறீர்கள். அது உண்மைதானா என்று எங்களுக்குச் சந்தேகம்.

திம்மப்பன் உரக்கப் படித்தான். அடுத்த களி உருண்டைக்குக் கை நீட்டியபடியே மாதப்பன் கேட்டார். சந்தேகப்பட அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்று அவருக்கே பட்டது.

அப்பா காலத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில், அண்ணனும் தம்பியும் ஓசூரில் ஒரு லேத்துப் பட்டறை போட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலை. பட்டறை வளர்ந்தது. கூடவே வரியும் வளர்ந்தது. அப்போதுதான் ஆடிட்டர் சௌந்தரராஜன் ஒரு வழி சொன்னார். கூட்டுக் குடும்பத்தின் வருமானத்தை ஒரே மொத்தமாகக் காட்டினால் வரி அதிகம். இரண்டு பாகமாகக் காட்டினால் குறைவு. ஆகவே பத்திரத்தில் பிரிந்துகொள்ளுங்கள், வீட்டில் பிரிய வேண்டியதில்லை என்றார். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த மாதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. தம்பிக்கு ஒரு டம்ளர் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அந்தப் பத்திரம் பொய்யென்று ஆகிவிட்டால், பழைய வருஷங்களின் வரியும் அபராதமும் சேர்ந்து பட்டறையில் பாதி லேத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இருவரும் சௌந்தரராஜனிடம் ஓடினார்கள். சேர்ந்து வராதீர்கள் என்று அவர் முதலில் தம்பியை வெளியே அனுப்பினார்.

"இங்க பாருங்க மாதப்பன், வரியைக் குறைச்சுக் கொடுக்கறது நம்ம தொழில். வம்பு வழக்குன்னு வந்துட்டா அதுக்கு வேற ஆளு பாக்கணும்" என்றார். ஆனாலும் கைவிடவில்லை. இருவரும் தனித்தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பதில் எழுதித் தபாலில் சேர்த்தார். சேர்த்த பிறகுதான், என்றைக்கு வேண்டுமானாலும் யாராவது வந்து அடுப்பைப் பார்ப்பார்கள், சீக்கிரம் இன்னொன்று வாங்கி வையுங்கள் என்று சொன்னார்.

மாதப்பன் தன் மனைவி கெம்பம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுப்பு வாங்கப் பையை எடுத்தார். சமையலறைக்குள் கால் வைத்தறியாத மனிதர் அவர்.

"வாங்க வேண்டாம். இருக்குது" என்றாள் கெம்பம்மா.

பரண்மேல் எதையோ போட்டு வைத்திருந்தாள் போலும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் எட்டிப் பார்த்தால் ஏற்பாடு ஒன்றுக்கும் குறைவில்லை. இரண்டு அடுப்பு, இரண்டு உப்புச் சாடி, இரண்டு புளிப்பானை. தம்பி மனைவி சாந்தம்மாவுக்கென்று தனியாக ஓர் அரிவாள்மனைகூட இருந்தது. குடும்பத்துக்கு ஒரு கஷ்டமென்றால் பெண்கள் எப்படிக் கைகொடுக்கிறார்கள் என்று அவர் பூரித்துப்போனார்.

வம்பு வழக்குக்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. மாதப்பன் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதுபோலத்தான் எல்லாரையும் தேர்ந்தெடுப்பார். சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லும் டாக்டரை அவர் நம்பமாட்டார்; டைபாய்டு என்று பயமுறுத்துகிறவரே கெட்டிக்காரர். கிருஷ்ணகிரியில் பாஸ்கரன் என்று ஒருவர் இருந்தார். வருமானவரி ஆபீஸிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது எதிர்ப் பக்கம் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சௌந்தரராஜனின் அடுப்பு யோசனையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பயமாக இருந்ததால் மாதப்பன் அவரையே பிடித்துக்கொண்டார்.

அடுப்பைத் தூக்கி எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், என் சர்வீஸில் அப்படி எத்தனையோ அடுப்பைப் பார்த்துவிட்டேன் என்றார் பாஸ்கரன். சுவர் எழுப்புங்கள் என்றார். செங்கல் சுவர். சமையலறை நடுவில் ஆரம்பித்துக் கூடத்தையும் இரண்டாக்கிக்கொண்டு வாசல்வரை.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மாதப்பன் ரொம்பத் தயங்கினார். சொன்னபோது பெண்கள் இருவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சுவர் எந்த இடத்தில் வரவேண்டும், எவ்வளவு உயரம், அம்மிக்கல் எந்தப் பக்கம் என்று கொத்தனாருக்கு ஒரே குரலில் சொன்னார்கள். இப்படி ஓர் ஒற்றுமை எந்த வீட்டில் கிடைக்கும் என்று மாதப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கல் தூசி என்று கொத்தனாரிடம் சொன்னார்.

சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து அண்ணனும் தம்பியும் சாப்பிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. "அண்ணா, கீரை போட்டாச்சா?" என்று அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வரும். "ஆச்சுடா" என்று இந்தப் பக்கமிருந்து பதில் போகும். தெருவில் வேறு பேச்சுக் கிளம்பியது. வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் பிரிந்தோம் என்று மாதப்பன் சொல்லப்போக, அதுவே அடுத்த தலைவலியானது. வருமானவரி ஆபீஸார் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் என்னாவது?

பெங்களூருக்கு ட்ரங்க்கால் போட்டு ஒரு வக்கீலிடம் நேரம் வாங்கினார்கள். பெரிய வக்கீல். கோட்டைக் கழற்றாமல் பேசுகிறவர். பத்திரம், அடுப்பு, சுவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"எல்லா சரி. ஜகள எல்லி?" என்றார்.

எல்லாம் சரி, சண்டை எங்கே என்று கேட்கிறார். சண்டையில்லாமல் எந்த அண்ணன் தம்பி பிரிந்தார்கள்? காரணமில்லாத பிரிவினையை ஒரு அதிகாரியும் நம்பமாட்டான். நாலு பேர் பார்க்க ஒரு சண்டை போடுங்கள், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இதைவிடப் பெரிய டைபாய்டு கிடையாது என்பதால் மாதப்பன் அவரையும் வைத்துக்கொண்டார்.

அத்திப்பள்ளி தாண்டி பஸ் வரும்போது இருவரும் சண்டையைப் பேசி முடித்தார்கள். திம்மப்பன் கணக்குக் கேட்க வேண்டியது. கணக்குக் கேட்க நீ யாருடா என்று மாதப்பன் சத்தம் போட வேண்டியது. அவ்வளவுதான். சாயங்காலம் ஷிப்டு மாறும் நேரத்தில், பட்டறை ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தார்கள். பதற்றத்தில் மாதப்பன் தம்பியின் முறைக்குக் காத்திருக்கவில்லை.

"கணக்குக் கேக்கறதுக்கு நீ யாருடா?"

யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். திம்மப்பன் ஒரு கணம் விழித்தான். பிறகு பேசினான். மெதுவாகத்தான் பேசினான்.

"நான் யாருன்னு உனக்கு எப்பத்தான் தெரிஞ்சிருக்குது? கம்பெனிக்காரங்க வந்தா ஒரு தடவையாச்சும் என்னைப் பார்ட்னருன்னு சொல்லியிருக்கியா? நம்ம பையன், நம்ம பையன்னு சொல்றே. எனக்கு நாப்பது வயசாச்சுண்ணா."

இது பஸ்ஸில் பேசிக்கொண்டதில் இல்லை.

லேத்தை யாரோ நிறுத்தினார்கள். திம்மப்பன் கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்று சாப்பிடும்போது மாதப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நல்லாத்தான் நடிச்சேடா."

அந்தப் பக்கமிருந்து கரண்டி சத்தம் மட்டும் வந்தது.

அதன் பிறகு கீரை போட்டாச்சா என்று யாரும் கேட்கவில்லை. பட்டறையில் ஆட்கள் அண்ணன் ஆள், தம்பி ஆள் என்று ஆனார்கள். ஆர்டரை யார் பெயரில் கொடுப்பது என்று தெரியாமல் போச்சம்பள்ளிப் பக்கத்துக் கம்பெனியொன்று கொடுக்காமலே விட்டுவிட்டது. பெங்களூர் வக்கீலுக்கு மட்டும் பரம சந்தோஷம். இவ்வளவு சுத்தமான ஜகளம் தன் அனுபவத்திலேயே இல்லை என்றார். சௌந்தரராஜனோ சண்டை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றார். பாஸ்கரன், சுவரோடு நிறுத்தியிருக்கலாம் என்றார். மூன்று பேரும் சொல்வது சரியாகவே இருந்தது. தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லத்தான் அதில் ஓர் ஆளும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கிய ஒல்லியான, சாதுவான மனிதர். சமையலறையைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் காபி வந்தது. எதையும் மறுக்காமல் இரண்டையும் குடித்தார். திருப்தியாகத் தலையாட்டி, கூடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகச் சுவரின் முனையில் நின்றார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தம்பியின் முகத்தை மாதப்பன் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"ஒரு வார்த்தை நீங்க வாயால சொல்லிட்டாப் போதும்" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கும் உங்க தம்பிக்கும் இப்ப ஒட்டு உறவு எதுவும் கிடையாது. அப்படித்தானே?"

ஆமாம் என்றால் பட்டறை தப்பும். பெங்களூர் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார். மாதப்பன் அதை நாக்குவரை கொண்டுவந்தார். அதற்கு மேல் வரவில்லை.

"இல்லீங்க சார். பத்திரம் பொய்யி. செவுரு பொய்யி. சண்டையும் பொய்யின்னுதான் ஆரம்பிச்சோம்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "செவுரு வெக்கிற வரைக்கும் ஒரே ஒலையில வெந்த சோத்தைத்தான் நாங்க தின்னோம். வரியைப் போட்டுக்குங்க. லேத்தையும் எடுத்துக்குங்க. இவன் நம்ம பையன் இல்லீங்க. என் பார்ட்னரு."

திம்மப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "பையன்னே சொல்லுண்ணா" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிரிந்துவிட்டோம் என்று சத்தியம் செய்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன், வரியைப் போடு என்று அழுதவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நீங்கள் ஆமாம் என்றிருந்தால் இன்றோடு முடித்திருப்பேன் என்றும் வருத்தமாகச் சொன்னார். பிறகு, குடும்பம் பிரியவில்லை, ஒரே சமையல்தான் என்று வாக்குமூலம் எழுதினார். அண்ணனும் தம்பியும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

மாதப்பனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. திம்மப்பன் ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்தான். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்கள். இன்றைக்கே இதை இடித்துத் தள்ளிவிட்டு, பழையபடி ஒரே உலையில் அரிசி போடுங்கள் என்று மாதப்பன் பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

கெம்பம்மா நகரவில்லை. சாந்தம்மாவும் நகரவில்லை. இருவரும் சுவருக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாதப்பனிடம் நேருக்கு நேர் பேசியறியாத சாந்தம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"செவுரு இருக்கட்டுங்க மாமா. அக்காவும் நானும் தனித்தனியா ஒலை வெச்சுப் பத்து வருஷமாச்சு. அண்ணந்தம்பி நீங்க ரெண்டு பேரும் மனசு ஒடிஞ்சு போயிருவீங்கன்னுதான் ரெண்டு சோத்தையும் கலந்து போட்டோம்."