குளிர்பெட்டியும் குங்கும மலர்க் கம்பளமும்

தப்ரீஸ் மாநகரத்து மூன்றாம் மாடி வேந்தே, இரும்புத் தோளோய், மாமியார் எதிரே மட்டும் பஞ்சாய்க் குழையும் குரலோய், ஹூஷங் பெருமானே, வாழி நீ! அவன் வீரம் பாடப் புகுந்த என் நாவே, பாதியில் சிரித்துத் தொலைத்து மானத்தை வாங்கிவிடாதே.

வெண்பனிக் குன்றம் ஒன்று கதவிரண்டு பூண்டு வந்ததெனப் புதுக் குளிர்பெட்டி கூடத்துக்குள் எழுந்தருளியது. அது சேரவேண்டிய சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே சுவர் முதல் சுவர் வரை விரிந்து கிடந்தது செம்பட்டுக் கம்பளம். இல்லத்தரசி மஹ்லகாவின் தாய் துரான் அம்மையார் கண்வலிக்க முடிச்சிட்டு, மகள் மணநாளில் தந்த கம்பளம் அது. அன்று மாலை அந்த அம்மையாரே விருந்துக்கு வருகிறார்.

"சுருட்டி வச்சிட்டு அப்புறம் தூக்குங்க. நடுப்பூவுல ஃபிரிட்ஜ் கால் பட்டுச்சு, அம்மாகூடவே நானும் கிளம்பிடுவேன், பார்த்துக்குங்க!" என்றாள் மஹ்லகா.

"கம்பளத்தின் ஒரு நூலும் நோகாது!" என்று சூளுரைத்தான் ஹூஷங். துணைக்கு வந்தவர் எதிர்வீட்டு இஸ்கந்தர், மீசையால் மட்டுமே போர்க்களம் கண்டவர். காலணி களைந்து, மூச்சடக்கி, நரம்பு புடைக்க, விழி பிதுங்க, இருவரும் அப்பெரும்பாரத்தை ஏந்திச் சுருட்டாத கம்பளக்கடல் கடந்து சமையலறை வாயிலை எய்தினர். ஐயகோ, அவ்வாயில் ஒருவர் நுழையும் அளவே இருந்தது!

"நீங்க முதல்ல போங்கண்ணே."

"வீட்டுக்காரர் இருக்க நான் முந்தறதா? நீங்க போங்க தம்பி."

"விருந்தாளிக்கு முன்னாடி நான் காலை வச்சா நல்லாவா இருக்கும்?"

முழங்கால் நடுங்க, முதுகு முறுக, மரியாதை மட்டும் தளராத அவ்விருவரும் வழிவிடுவதற்காக ஆளுக்கோர் அடி பின்வாங்கினர்; மறுபடி உபசரித்தனர்; மறுபடி பின்வாங்கினர். இவ்வண்ணம் பணிவினாலேயே புறங்காட்டிக் கூடத்து நடுவை அடைந்தபோது கை வழுக்கியது. குங்கும நிற நடுமலர் மீது குன்றம் நாற்காலூன்றி நின்றது. ஹூஷங்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்நேரம் பார்த்து அழைப்புமணி ஒலித்தது.

துரான் அம்மையார் உள்ளே வந்தார். தம் மலரைக் கண்டார். மஹ்லகா மூச்சுவிடவில்லை. அம்மையாரோ முகம் மாறாமல், "அடடா, என்ன அழகான ஃபிரிட்ஜ்!" என்றார்.

எவர் எதைப் புகழ்ந்தாலும் உடனே அதை அவருக்கே அளிப்பதும், அவர் மூன்று முறை மறுப்பதும் அந்நகரத்து வழிவழி மரபு. வலியிலும் மரபு தவறாத மாவீரன் நெஞ்சில் கைவைத்து, "உங்களோடதுதான் அத்தை! எடுத்துக்குங்க!" என்று முழங்கினான்.

"சரி மாப்பிள்ளை. இவ்வளவு ஆசையா குடுக்கறீங்க, வேண்டாம்னா உங்க மனசு நோகும். என் தம்பி வேனோட கீழதான் நிக்கறான்."

இஸ்கந்தர் மீசையைக் கடித்துக்கொண்டார். மஹ்லகா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அன்று மாலை அம்மையாரோடு அவ்வீட்டைவிட்டுக் கிளம்பியது மகளன்று, வெண்பனிக் குன்றமே!

இப்போது ஹூஷங் வீட்டார் பாலை ஜன்னலுக்கு வெளியே குளிரில் வைக்கிறார்கள்.