அலை ஐயாவின் இருபது நிமிடம்

இழுப்பறையில் இருந்ததையெல்லாம் அவள் அட்டைப்பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய உத்தரவு. மணி பத்து ஆனது. சுவரிலிருந்த பெரிய திரை கோளாறு காட்டிச் சிவந்தது.

யாரும் பதறவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். அலை ஐயாதான் வந்துவிட்டாரே.

அது பார்சல் கம்பெனி. ஓட்டுநர்களுக்கு வழி காட்டும் வரைபடம் வேறொரு நிறுவனத்துடையது. வரைபடத்தைக் கேட்டு வாங்கும் இணைய வாசலின் பெயரை அவர்கள் மாற்றிவிட்டதால், நிரலில் ஆயிரத்து நூறு இடங்களில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அவள் பாதி முடித்திருந்தபோதுதான் புதன்கிழமைகளில் வரைபடம் செத்துச் செத்துப் பிழைக்க ஆரம்பித்தது. மேலாளர் தன் மைத்துனர் மூலம் அலை ஐயாவைப் பிடித்தார்.

ஐயா கணினியின் மேல் உள்ளங்கையை வைத்து, அலை வழியே அதன் மனசைக் கேட்பவர். பெயரை மாற்றியதில் அதற்கு மனத்தாங்கல் என்றார். அடுத்த கோளாறு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொன்னார். தப்பாமல் வந்தது. கை வைத்த இருபதாம் நிமிடம் தப்பாமல் போனது. பொறியியல் படித்த நாற்பது பேர் வாயைப் பிளந்தார்கள். பெயர் மாற்றும் வேலையை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். மாற்றிய கை இந்தக் கூரைக்குள் ஆகாது என்றார். அவள் வேலை போயிற்று. ஏதோ மின்னஞ்சல் வந்திருப்பதாக அவள் மூன்று முறை சொல்ல வந்தாள். நம்பாதவர் பேச்சு அலையைக் கலைக்குமாம், வாயை அடைத்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். "ஆனா அவரு கை வச்சா சரியாகுதே."

"என் காபி மேல கை வச்சாலும் இருபது நிமிஷத்துல ஆறிடும்ப்பா."

பிறகு மேலாளரிடம் போனாள். "இன்னிக்கு ஐயா கை வச்சு சரியாயிட்டா பேசாம போயிடறேன் சார். ஆகலைன்னா என் வேலை எனக்கு."

மேலாளர் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

ஐயா கை வைத்தார். பத்து இருபது. சிவப்பு. பத்து முப்பது. சிவப்பு. தெருமுனைகளில் வழி தெரியாமல் நின்ற ஓட்டுநர்கள் தொலைபேசியில் அலறினார்கள். அவள் நிழல் தடுக்கிறது என்றார் ஐயா. அவள் பெட்டியோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். அப்போதும் சிவப்பு.

ஐயாவின் இடது கை மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. மடித்த தாள் ஒன்றை ஓரக்கண்ணால் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அதை உருவி மேலாளரிடம் நீட்டினாள்.

வரைபட நிறுவனம் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் போட்டிருந்த அறிவிப்பு அது. பெயரை மாற்றாமல் தூங்குகிறவர்களை எழுப்ப, கீழ்க்கண்ட புதன்கிழமைகளில், குறித்த மணிக்கு, இருபது நிமிடம் பழைய வாசலை மூடி வைப்போம் என்றது. தேதிகளுக்குக் கீழே பென்சில் கோடு. இதே அறிவிப்பு நாற்பது பேர் மின்னஞ்சல் பெட்டியிலும் ஐந்து முறை வந்து, திறக்கப்படாமல் கிடந்தது. படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வேலையை இழந்தாள், ஒருவர் ஐயாவானார்.

"ரெண்டாம் பக்கத்தை விட்டுட்டீங்களே ஐயா," என்றாள்.

மேலாளர் தன் மின்னஞ்சலில் தேடித் திறந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி. இன்றைய தேதி. பத்து மணிக்குப் பழைய வாசல் மூடப்படும். இனித் திறக்காது.

அவள் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தாள். "இன்னும் ஐந்நூத்தைம்பது இடம் பாக்கி. நாப்பது பேர் இருக்கீங்க. ஐயா கையைப் பாத்தது போதும், அவங்கவங்க தலையில இருக்கறதை எடுத்து வெளிய வைங்க."