தடங்கல் நீக்கப்பட்டது

நான் பாசமும் பயமும் ஒருசேர வைத்திருக்கும் அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் முழங்கால், இடுப்பு, தோள்பட்டை மூன்றும் நீங்கலாக. அங்கே உன் நலமும் மாமாவின் நலமும் அறிய ஆவல். இதைப் படித்துவிட்டு நீ பதறிக் கிளம்பி வர வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதறுவதற்கு இங்கே நான் ஒருவன் போதும்.

போன வருஷம் வந்திருந்தபோது நான் டம்பெல் தூக்குவதைப் பார்த்துவிட்டு நீ சொன்னது நினைவிருக்கும். "பலம் இருக்கட்டும்டா. முதல்ல ஒவ்வொரு மூட்டையும் முழுசா சுத்தி, மடக்கி, நீட்டிப் பழகு. அசையாத மூட்டு மேல பலத்தை ஏத்தி என்ன பண்ணப் போற?" என்றாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள், பிள்ளைகளை மேய்த்த பழக்கத்தில் பேசுகிறாள் என்று தலையாட்டி வைத்தேன். மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. நான் லிஃப்ட் மெக்கானிக். எந்த பேரிங்குக்கும் இத்தனை சுற்று என்று ஓர் ஆயுள் உண்டு. சுற்றச் சுற்றத் தேயும். அப்படியிருக்க, காரணமில்லாமல் முழங்காலைச் சுற்றித் தேய்ப்பானேன்? ஓய்வு பெறும்வரை வர வேண்டுமே என்று மூட்டுகளை மிச்சம் பிடித்தேன். டம்பெல்லைக்கூடப் பாதி தூரம்தான் தூக்கினேன். கீழே விழுந்த திருகாணியைக் குனியாமல், காந்தம் கட்டிய கம்பியால் எடுத்தேன். வீட்டுக்காரி, "உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் வந்தது வினை. நான் பார்த்துக்கொள்ளும் ஆறு மாடிக் கட்டடத்தில், நாலாம் மாடித் தையல்காரம்மாவின் சாவி லிஃப்ட் கதவு இடுக்கு வழியே அடிக்குழியில் விழுந்துவிட்டது. லிஃப்டை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கினேன். பித்தளைச் சாவி காந்தக் கம்பியில் ஒட்டாததால், குந்தி உட்கார்ந்து மூலையில் கிடந்ததை எடுத்தேன். எழப் பார்த்தால் முடியவில்லை, அக்கா. தொடையில் பலம் இருக்கிறது, முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருக்கிறது. சரி, கை எதற்கு என்று ஏணியின் மேல்படியைப் பிடிக்கப் போனால், பாதி தூரமே தூக்கிப் பழகிய கை பாதியிலேயே நின்றுகொண்டது. தையல்காரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன். அப்படியானால் மேலே வரலாமே என்றார். இங்கே ஒரு சின்ன வேலை பாக்கி என்று சொல்லிவிட்டு, லிஃப்டைத் தாங்கக் குழியில் வைத்திருக்கும், ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பிரிங்கை முக்கால் மணி நேரம் துடைத்தேன். மளிகைப் பையோடு மாடிப்படி ஏறப்போனவர்கள் ஒவ்வொருவரும் குழிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்த அம்மா திரைச்சீலைத் துணியை முறுக்கிக் கீழே விட, நான் அதை அக்குளில் சுற்றிக்கொள்ள, அவரும் காவலாளியுமாக இழுத்து வெளியே போட்டார்கள்.

மானம் கப்பலேறியது போதாதென்று, லிஃப்ட் நின்றதற்குக் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'குழியில் தடங்கல் இருந்தது. நீக்கப்பட்டது' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் சூப்பர்வைசர் குடைகிற ஆள். என்ன தடங்கல் என்று நேரே போய்த் தையல்காரம்மாவைக் கேட்க, அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். வருகிற வியாழக்கிழமை எனக்குப் பரிசோதனை. எல்லார் முன்னிலையிலும் குழியில் இறங்கி, குந்தி, எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் மேலே வர வேண்டும். முடியாவிட்டால் ஆபீஸில் புகார் போன் எடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்தொன்பது வருஷம் லிஃப்டோடு மல்லுக்கட்டியவன், "எந்த மாடியில நிக்குதுங்க?" என்று போனில் கேட்டுக்கொண்டு உட்காருவதா? சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் 'டொக்' என்றால், சூப்பர்வைசர் காதில் விழுந்திருக்குமோ என்று வீட்டுக்குள்ளேயே திரும்பிப் பார்க்கிறேன்.

ஆனால் நீ கவலைப்படாதே. வீட்டுக்காரி போனில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு நீ அனுப்பிய பயிற்சித் தாள் வந்த நாளிலிருந்து, பன்னிரண்டு நாளாக ஒரு நாள் விடாமல் செய்கிறேன். பலம் வேறு, அசைவு வேறு என்பது இப்போது நன்றாகவே புரிந்துவிட்டது. உடம்பின் மூட்டு பேரிங் இல்லை. அசைத்தால்தான் அது இளகும். ஓடாமல் நிற்க விட்ட லிஃப்ட்தான் முதலில் மக்கர் பண்ணும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு, தன் காலைப் பார்த்து அது தோன்றவில்லை பார். இப்போது கணுக்கால் சுழல்கிறது, இடுப்பு வளைகிறது, தோள் காதைத் தாண்டுகிறது. வியாழக்கிழமை ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை.

மாமாவுக்கு என் வணக்கம். உன் ஆசி எனக்குத் தலை முதல் கணுக்கால் வரை வேண்டும்.

இப்படிக்கு,
முழு அசைவுடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: பன்னிரண்டு நாள் என்று மேலே எழுதியது பொய். உன் தாள் வந்த அன்றே கைநழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. காகிதமாயிற்றே, காந்தக் கம்பிக்கு மசியவில்லை. வீட்டுக்காரியிடம் கேட்டால், "நீங்களே குனிஞ்சு எடுங்க, அதுதான் முதல் பயிற்சி" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். இன்று மதியம் துணிந்து தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து, தாளை எடுத்தேவிட்டேன். இந்தக் கடிதம் முழுக்க இருந்த இடத்திலேயே, தரையில் உட்கார்ந்து எழுதியதுதான். அவள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உன் தாளின் முதல் வரியில், 'நிமிர்ந்து நில்' என்று எழுதியிருக்கிறாய். அக்கா, நீ கிளம்பி வா.