நீச்சல் குளத்தை நான் ரசமாக்கிய வாரம்

சும்மா இருக்கத் தெரியாதவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உடம்புக் கோளாறாகச் சொல்கிறேன். லிஃப்ட் பட்டனை ஒரு தரம் அழுத்திவிட்டு நிற்க என்னால் ஆகாது. இட்லி வேகும்போது மூடியைத் திறந்து பார்ப்பேன். (வீட்டில் இட்லி கல்லாக இருப்பதற்கு மாவு காரணமில்லை என்று என் மனைவி சுதா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.) இப்பேர்ப்பட்டவனிடம் ஒரு நீச்சல் குளத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடியிருப்பின் அறுபது குடும்பங்களும் நேரில் பார்த்தன.

பெங்களூரில் பொம்மசந்திராவைத் தாண்டி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. போன வருடம் என் மாமனார் ஆம்பூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். அரசுப் பேருந்தில் முப்பது வருடம் நின்றபடியே டிக்கெட் கிழித்த கண்டக்டர். முழங்கால்கள் தேய்ந்து, ஒன்றில் அறுவை சிகிச்சையும் ஆகியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் தினமும் நடந்தால் நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். மாமனார் ஒரு மாதம் மறுத்துப் பார்த்தார். கடைசியில் மகளின் தொல்லை தாங்காமல் சரி என்றார். சிவாஜிநகர் போய், முட்டியை மறைக்கும் நீளத்தில் நீல நிற டிரவுசர் ஒன்று வாங்கி வந்தோம். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் நடை என்று முடிவானது.

அவருக்கும் எனக்கும் அதுவரை பேச்சுவார்த்தை குறைவு. சண்டையெல்லாம் இல்லை. "சாப்டீங்களா மாப்ள", "ஆச்சு மாமா" என்பதற்கு மேல் பத்து வருடத்தில் நாங்கள் போனதில்லை, அவ்வளவுதான். இந்தக் குள விஷயத்திலாவது மனிதரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

புதன்கிழமை பெய்த மழையில் குளம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அடியிலிருக்கும் டைல்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. குளத்தைப் பராமரிக்கும் மஞ்சுநாத், தங்கை கல்யாணத்துக்காக ஹாசன் பக்கம் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். யாராவது கவனித்துக்கொள்ள முடியுமா என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். அந்தக் கேள்வியை மற்றவர்கள் படித்து முடிப்பதற்குள் என் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மஞ்சுநாத்துக்கு போன் போட்டேன். கல்யாண மண்டப இரைச்சலுக்கு நடுவிலும் பொறுமையாகச் சொன்னார். மோட்டார் அறையில் படிகாரம் இருக்கிறது. வாளியில் கரைத்துக் குளம் முழுக்க ஊற்ற வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளில் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றினால் போதும்.

"ஆனா சார், ஊத்துன பின்னாடி முட்டபேடி. மோட்டார், தண்ணி, ஏதும் முட்டபேடி. சும்மா இருக்கணும். அதுதான் வேலையே."

(முட்டபேடி என்றால் தொடாதீர்கள். ஏழு வருட பெங்களூர் வாழ்க்கையில் எனக்குத் தெளிவாகப் புரிந்த சில கன்னட வார்த்தைகளில் ஒன்று. புரிந்தும் பிரயோஜனம் இல்லை.)

வியாழன் காலை படிகாரம் ஊற்றினேன். அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குளத்தோரம் வந்து உட்கார்ந்தேன். அலுவலக மீட்டிங்கில் யாரோ எதையோ விளக்க, நான் தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். நான்காவது மணி நேரத்தில், பால் திரிந்த மாதிரி தண்ணீருக்குள் ஏதோ மிதக்க ஆரம்பித்தது. அதுதான் அழுக்கு திரள்வதன் அடையாளம் என்று இப்போது தெரியும். அன்று குளமே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நேராகப் போய் மோட்டாரைப் போட்டேன். திரண்டதெல்லாம் மறுபடி உடைந்து, தண்ணீர் முன்பைவிடக் குழம்பியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அழுக்குத் தண்ணீரோடு நல்ல தண்ணீர் சேர்ந்தால் அழுக்கு குறையும்தானே என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஓர் அடித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, டேங்கர் லாரி வரவழைத்து நிரப்பினேன். அப்புறம் யூடியூபில் ஒரு வெளிநாட்டுக்காரர், கலங்கிய குளத்துக்கு ஒரே தடவையாக நிறைய குளோரின் போடச் சொன்னார். "ஆனால்" என்று அவர் ஆரம்பித்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்தேன். (அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பதை அடுத்த வாரம் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்.) மாலையில் குளோரினைக் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இளம்பச்சையாக மாறியது. கடல் மாதிரி அழகாக இருக்கிறது என்று சுதாவிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கீழே இறங்கிப் போனேன். குளத்தைச் சுற்றி ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பழுப்பு நிறம். பக்கத்திலிருந்த புங்க மரம் வேறு, சமயம் பார்த்து இலைகளை உதிர்த்திருந்தது.

செயலாளர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க டெஸ்டிங்லதான இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். (சாஃப்ட்வேர் கம்பெனியில், பிறர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை.)

அப்போது லிஃப்ட் திறந்தது. நீல டிரவுசர், தோளில் துண்டு, கையில் ஊன்றுகோல். மாமனார் மெல்ல நடந்து வந்து கரையில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். மிதக்கும் இலைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள," என்றார், "கறிவேப்பிலை எல்லாம் போட்டாச்சு போல. இன்னும் தாளிக்கலையா?"

முதலில் சிரித்தது செயலாளர் அம்மாதான். பிறகு எல்லோரும். எனக்கு அந்த ரசத்திலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மாமனார் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தடுத்துவிட்டார். சின்ன வயதில் பாலாற்று வெள்ளத்தில் சிக்கிப் பிழைத்தவராம். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லையாம். மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"வெள்ளனவே எழுந்து, ஏதாச்சும் ஒண்ணு நடந்து இது நிக்கணும்னு முருகனை வேண்டிக்கினு வந்தேன். நீங்க நடத்திட்டீங்க."

பத்து வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிறன்று வந்த மஞ்சுநாத் குளத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் இடுப்பில் கை வைத்தபடி நின்றார். டேங்கர் கொண்டு வந்தது போர்வெல் தண்ணீர், அதில் இரும்பு அதிகம், குளோரின் பட்டதும் அது அத்தனையும் துருவாகிவிட்டது என்று விளக்கினார். மறுபடி படிகாரம் போட்டார். மோட்டார் அறையைப் பூட்டினார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை போல. மாமனாரிடம் போய், இந்த சாரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் பார்த்துக்கொண்டார். முழுதாக இரண்டு நாள் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றால் போதும், டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. சும்மா உட்கார்ந்திருந்ததில் நிறையப் பேசினோம். இரண்டாம் நாள் மாலை மஞ்சுநாத் அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்ததும், ஒவ்வொரு டைலாக எண்ணலாம் போல அடி தெரிந்தது. மாமனார் வெகுநேரம் அதையே பார்த்தார். அடி தெரிந்தால் பயம் கொஞ்சம் குறைகிறது என்றார். மறுநாள் காலை, என் தோளை நசுக்கிப் பிடித்தபடி இறங்கினார்.

மோட்டார் அறைக் கதவில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று கன்னடத்தில், ஆங்கிலத்தில், கீழே தமிழில். குடியிருப்பில் இருக்கும் நான்கு தமிழ் வீட்டாருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியும். அந்தத் தமிழ் வரி எனக்காக எழுதியது.

மாமனார் ஊர் திரும்பிய பிறகு, போன தீபாவளிக்கு நாங்கள் ஆம்பூர் போயிருந்தோம். மாமியார் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மாமனார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே உற்றுப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

"அடி தெரியுது," என்றார். "இது மாப்ள வெச்சது இல்ல. குடிக்கலாம்."